ஆடி மாதத்து மூன்று புள்ளிகள்

"மாப்ள, உன்ற கம்பெனி இன்னைக்கு என்ற மானத்தைக் காப்பாத்தீருச்சு. உடனே காரை எடுத்துட்டு வா!"

அக்கா வீட்டுக்காரர் சென்னியப்பன் போனில் இப்படிக் கத்தியபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சுங் மச்சான்?"

"வர்ணிகாவுக்கு இன்னைக்குக் கல்யாணம்."

பேஸ்டை அப்படியே விழுங்கிவிட்டேன். வர்ணிகா என் அக்காவின் ஒரே மகள். முந்தின நாள்கூட என்னிடம் ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்தவள். அவளுக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் எனக்குத் தெரியாமலா? சீர்த்தட்டை யார் தூக்குவது?

"யாருகூடங்க?"

"அது தெரிஞ்சா உன்னை எதுக்குக் கூப்புடறேன்? சிங்காநல்லூரைத் தாண்டி ஒரு மண்டபத்துல முன்புள்ளி நிக்குது. பத்து மணிக்கு அவ அங்க இருப்பாளாமா. கெளம்புடா!"

இந்த முன்புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்து விற்கும் கம்பெனியில்தான் நான் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறேன். செயலிக்குப் பெயர் கண்மணி. பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று பச்சைப் புள்ளியில் காட்டும். அதை எல்லாப் போனும் காட்டும், அதற்காக எங்களிடம் யாரும் வரமாட்டார்கள். இன்னும் மூன்று மணி நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கப்போகிறது என்று எங்கள் செயலி ஆரஞ்சுப் புள்ளியில் காட்டும். அதுதான் முன்புள்ளி. பிள்ளையின் போனில் இருக்கிற நடை, பேச்சு, தேடல், சிநேகிதர்கள், பஸ் நேரம் எல்லாவற்றையும் கலந்து அரைத்து ஓர் இடத்தைச் சொல்லிவிடும். ஜோசியம் இல்லை. ஆனால் ஜோசியத்தைவிட நன்றாகவே பலிக்கும்.

இது வந்த பிறகு பெற்றோர்கள் நடந்ததற்குத் திட்டுவதை விட்டுவிட்டு நடக்கப்போவதற்குத் திட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு காலேஜ் பையன் இன்னும் பிடிக்காத சிகரெட்டுக்கு அறை வாங்கினான். வாங்கியது வீணாகக் கூடாது என்று நேராகப் போய்ப் பிடித்துவிட்டு வந்தான்.

கண்மணிக்கு வயசுக் கணக்கு கிடையாது. சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பெரியவர், மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகள். வர்ணிகா பி.எஸ்சி. முடித்துவிட்டாள், ஓட்டுப் போட்டுவிட்டாள், கார்கூட ஓட்டுவாள். ஆனால் சிம் அப்பா பேரில். நம் ஊரில் எந்தப் பெண்ணின் சிம் அவள் பேரில் இருக்கிறது, சொல்லுங்கள். இன்னொரு விஷயம், ஒரு வழக்குக்குப் பிறகு வந்த சட்டப்படி, பார்க்கப்படுகிறவரும் பார்க்கிறவரைப் பார்க்கலாம். அப்பா மகளுடைய முன்புள்ளியைப் பார்த்தால் மகளும் அப்பாவுடையதைப் பார்க்கலாம், வீட்டில் மற்றவர்களும் பார்க்கலாம். இந்தச் சட்டம் வந்த மாதம் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதி அப்பாக்கள் ஓடிப்போனார்கள். மச்சான் ஓடவில்லை. கணபதி ஏரியாவில் அவர் பம்ப்செட் பட்டறை, அதை விட்டால் வீடு. அவர் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம்தான் வரும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் பட்டறை வாசலில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருந்தார். காரில் ஏறி சீட்டையும் கறையாக்கினார்.

"அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"எதுக்கு? அழுது ஊரைக் கூட்டறதுக்கா?"

"வர்ணிகாவுக்கே ஒரு போன் பண்ணிக் கேட்டுப்போடலாமுங்க."

"போன் பண்ணுனா உஷாராயிருவா, மாப்ள. ஆடி மாசத்துல எவனாச்சும் கல்யாணம் வெப்பானா? ஊர்ல ஒரு மண்டபத்துலயும் லைட்டு எரியாது. அதுலயும் வெச்சிருக்கான்னா அது திருட்டுக் கல்யாணந்தான். எல்லாம் அந்தத் தூத்துக்குடி விஷயம். நான் வேண்டாம்னேன், இவ இப்படிப் பண்ணிப்போட்டா."

தூத்துக்குடி விஷயம் ஒரு மாதமாக அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கடல் உயிர்களைப் பற்றி மேல்படிப்பு படிக்க வர்ணிகாவுக்கு அங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சேரவேண்டும், விட்டால் இடம் போய்விடும். "கோயமுத்தூர்ல இல்லாத படிப்பா?" என்று மச்சான் கேட்டார். "கோயமுத்தூர்ல கடல் இல்லீங்ப்பா" என்று அவள் சொன்னாள். அவரால் கோயமுத்தூருக்குக் கடலைக் கொண்டுவர முடியாது, அதனால் கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் புள்ளியை இன்னொருவர் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"எம் பொண்ணு எனக்கில்லாமப் போயிட்டாளாடா?" என்று மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். இருபத்தைந்து வருஷமாக அவரைத் தெரியும், இந்தக் குரலை நான் கேட்டதில்லை. வண்டியை விரட்டினேன்.

மண்டபத்தில் உண்மையாகவே கல்யாணம். வாசலில் வாழைமரம், உள்ளே நாதஸ்வரம். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராக இறங்கினார். வாசலில் ஓர் அம்மா தனியாக நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. "வாங்க, வாங்க, வராமப் போயிருவீங்களோன்னு நெனச்சேன்!" என்று பன்னீரைத் தெளித்தார்.

பன்னீர் தெளிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? மச்சான் பழக்கதோஷத்தில் சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் பூசிக்கொண்டார், ஒரு கை கற்கண்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. கற்கண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

மேடையில் கண்ணாடி போட்ட, உயரமான ஒரு பெண் மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை அவளைவிடக் குள்ளம், வாயெல்லாம் பல். இருவரையும் எங்களுக்கு யாரென்றே தெரியாது.

மச்சான் முன்வரிசை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "முருகா" என்றார். கண்ணில் தண்ணீர். கன்னத்தில் கற்கண்டு.

அந்த நேரம் பார்த்து பக்கத்துக் கதவு வழியாக வர்ணிகா புயலாக நுழைந்தாள். தலை பரட்டை, ஒரு காலில் செருப்பு அறுந்து தொங்கியது. முன்வரிசையில் சந்தனமும் கற்கண்டுமாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்! நீங்களும் கூட்டா, மாமா? எங்க அவன்?"

"எவன்?" என்றேன்.

"மாப்பிள்ளை! ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசத்தானே வந்திருக்கீங்க? அவங்க வீட்டு ஆளுங்க எங்க உக்காந்திருக்காங்க? நான் அவங்ககிட்டயே சொல்லிப்போடறேன், எனக்கு இஷ்டமில்லேன்னு!"

மச்சான் எழுந்துவிட்டார். "அதை நான் கேக்கோணும்! எவன்டி அவன்? எங்க நிக்கறான்?"

"எவனும் இல்லீங்ப்பா!"

"அப்பறம் எதுக்கு மண்டபத்துக்கு வந்தே?"

"நீங்க வந்தீங்கன்னு வந்தேன்!"

"நான் நீ வருவேன்னு வந்தேன்!"

இதற்குள் யாரோ எங்கள் மூன்று பேர் கையிலும் அட்சதையைத் திணித்துவிட்டுப் போனார்கள். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று ஐயர் விரலை ஆட்டினார். மேளம் இடியாக இறங்கியது. பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே, வாயில் சண்டையை நிறுத்தாமலே, மேடையை நோக்கி அட்சதையை வீசினார்கள். அவ்வளவு கோபமாக வாழ்த்தப்பட்ட தம்பதியை நான் பார்த்ததில்லை. ஒரு பிடி மாப்பிள்ளை மூக்கில் பட்டது. அவர் அதற்கும் சிரித்தார்.

மேளம் அடங்கியபோது, "ஏனுங்க, எடம் புடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று பின்னால் ஒரு குரல்.

என் அக்கா கலாமணி. அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கையில் பரிசுப் பொட்டலம்.

"நீ எதுக்குடி வந்தே?" என்றார் மச்சான்.

"உங்க புள்ளி மண்டபத்துல நின்னுச்சு, இவ புள்ளி நின்னுச்சு, பாத்தா என்ற புள்ளியும் அங்கதான் நின்னுச்சு. யாரோ நமக்கு வேண்டியவங்க கல்யாணம், நான்தான் மறந்துபோட்டேன்னு நெனச்சேன். வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு வர்ற வழியில ஒரு குக்கர் வாங்கீட்டு வந்தேன். ஆமா, யாருங்க பொண்ணு?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சாப்பிட வாருங்கள் என்று இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். சந்தனம் வாங்கியாயிற்று, அட்சதை போட்டாயிற்று, இதற்குமேல் மறுக்கிற தைரியம் எங்கள் ஊர் ஆள் யாருக்கும் வராது. போய் வரிசையாக உட்கார்ந்தோம். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வரிசையைக் கவனித்தேன். ஓர் அப்பா, ஓர் அம்மா, நடுவில் உர்ரென்று ஒரு பையன். மூவரும் போனை இலைக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்திருந்தார்கள். திரையில் ஆரஞ்சுப் புள்ளி. அவர்களுக்கு அப்பால் இன்னொரு குடும்பம், அங்கேயும் ஆரஞ்சுப் புள்ளி. எதிர்வரிசையில் ஒரு பெண் அழுதுகொண்டே ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் என் மேலதிகாரி ஷெரினைக் கூப்பிட்டு, போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"ஷெரின், நேத்து முன்புள்ளியில என்ன மாத்துனீங்க?"

"ஏன் சபரி, சூப்பரா வேலை செய்யுதுல்ல?" அவள் குரலில் ஒரே குஷி. "புள்ளி பொய் சொல்லுதுன்னு எவ்வளவு புகார் வந்துச்சு, ஞாபகமிருக்கா? பையன் சினிமா தியேட்டருக்குப் போவான்னு காட்டும். அம்மா அதைப் பாத்துட்டு போன் போட்டுத் திட்டுவாங்க. பையன் போகமாட்டான். உடனே நம்மகிட்ட, உங்க செயலி தப்புன்னு சண்டை. நாம சொன்னதாலதான் நடக்காமப் போச்சுன்னு புரியவே மாட்டேங்குது."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் நேத்து ஒரு வரி மாத்தினேன். சொன்ன பிறகும் நடக்கிற இடத்தை மட்டும்தான் இனிமே அது காட்டும். வீட்டுல எல்லாரும் புள்ளியைப் பாத்துட்ட பிறகும் தப்பாம எங்க வந்து நிப்பாங்களோ, அந்த இடம். இன்னைக்குக் காலையிலேருந்து ஒரு புள்ளிகூடத் தப்பல, தெரியுமா?"

வர்ணிகா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அக்கா, நான் வர்ணிகா. எங்கப்பா வந்ததால நான் வந்தேன். நான் வருவேன்னு எங்கப்பா வந்தார். யாரு மொதல்ல?"

"யாருமே மொதல்ல இல்லம்மா. கோழியா முட்டையாங்கிற கதைதான். அப்பா பார்வையில நீ வரணும், உன் பார்வையில அப்பா வரணும், ரெண்டும் சேரணும். அப்படி ஒரு இடத்தை அது தேடிக் கண்டுபிடிக்கும். சாதாரண இடமா இருந்தா என்ன செய்வீங்க? எதுக்கு அங்க போறேன்னு போன்ல கேப்பீங்க. கேட்டா விஷயம் தெரிஞ்சுடும், யாரும் போகமாட்டாங்க. எந்த இடத்தைப் பாத்தா கேக்கக்கூடத் தோணாம, பயந்து, நேரா ஓடுவீங்களோ, அந்த இடம்தான் தப்பாம நடக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அது எதுன்னு அதுக்குத் தெரியும். ஆமா, உங்க வீட்டுக்கு எந்த இடம் வந்துச்சு?"

வர்ணிகா அப்பாவைப் பார்த்தாள். நானே போனை வாங்கி வைத்துவிட்டேன். ஆடி மாதத்தில் ஊரிலேயே விளக்கு எரிந்தது ஒரே ஒரு மண்டபத்தில். இதே பயம் இருந்த வீடுகள் எல்லாம் இங்கே வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தன.

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"நீ சொல்லாமக் கொள்ளாமப் போயிருவேன்னுதான் சாமி எனக்குப் பயம்" என்றார் கடைசியில், இலையைப் பார்த்து. "தூத்துக்குடிக்கு அனுப்புனா அப்படியே போயிருவே. திரும்பி வந்தாலும் யார்கூடயோ வந்து நிப்பே. அப்பறம் நான் யாரோ, நீ யாரோ."

"நீங்க எனக்குத் தெரியாமப் புடிச்சுக் குடுத்துருவீங்கன்னுதான் எனக்குப் பயம்" என்றாள் வர்ணிகா. "படிக்க வேண்டாம்னு சொன்னீங்க. அப்பறம் பேசவே இல்ல. பேசாம இருந்தா நான் வேற என்ன நெனைக்கட்டும்? எனக்கு எவனும் இல்லீங்ப்பா. இருந்தா உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"நெசமாவா?"

"திட்டுவீங்கதான். ஆனாலும் சொல்லுவேன்."

மச்சான் அந்தக் கிரீஸ் கறை போகாத கையால் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தார். சின்னப் பிள்ளையிலிருந்து அவர் இலை இனிப்பு அவளுக்குத்தான். ஒரு மாதமாக அதுகூட நின்றிருந்தது. வர்ணிகா அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். ரசம் கொண்டுவந்தவர் எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார். எனக்கு அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்தில் அவரையே கட்டிப்பிடித்திருப்பேன்.

அப்போது வாசலில் பன்னீர் தெளித்த அம்மா பந்தி விசாரிக்க வந்தார். "நல்லாச் சாப்புடுங்க. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியுமுங்க. நான் பொண்ணோட அம்மா. எங்க சொந்தத்துல ஒருத்தரும் வரலே, அவங்க சொந்தத்துலயும் வரலே. இவங்களாப் பாத்துக்கிட்டது, சாதியும் வேற. நல்ல மாசத்துல வெச்சா வந்து தகராறு பண்ணுவாங்கன்னு ஆடியில வெச்சேன். முன்னூறு பேருக்குச் சமைச்சுப்போட்டு, காலையில காலி நாற்காலியைப் பாத்து எம் பொண்ணு அழுதா. அப்பறம் பாத்தா ஆட்டோ ஆட்டோவா வந்து எறங்கறீங்க! அட்சதை போடறீங்க! யாரு, எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்கவே இல்ல. எம் பொண்ணுகிட்ட எல்லாம் நம்ம ஆளுங்கதான்னு சொல்லிப்போட்டேன்."

மச்சான் எழுந்துவிட்டார். பந்தியில் பாதியில் எழக்கூடாது என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் அவர். "ஆமாங், நாங்க பொண்ணு வீடுதான்" என்றார். "என்ற சம்சாரம் குக்கர்கூட வாங்கீட்டு வந்திருக்குது. எங்க குடுக்கோணும்?"

மேடையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்து வரிசையில் உர்ரென்றிருந்த பையனும் அவன் அப்பா அம்மாவும் எங்களோடு நின்றார்கள். மச்சான் அந்தக் குள்ள மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, "பொண்ணு எங்காச்சும் போகோணும்னா விட்டுப்போடுங்க மாப்பிள்ளை" என்று பெரிய மனுஷனாகப் புத்தி சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அவரே ஆரம்பித்தார். "அம்மிணி, தூத்துக்குடிக்குக் கெளம்பு. ஞாயித்துக்கெழமை ராத்திரி ரயிலுக்கு உன்ற மாமன் டிக்கெட் எடுப்பான்."

"புள்ளிங்ப்பா?"

மச்சானுக்கு அது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் காப்பிக்கு முன்னால் அவர் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். அப்புறம் எதிரே இருந்த சிம் கடையைப் பார்த்து நடந்தார்.

சிம்மை மகள் பேருக்கு மாற்றச் சொன்னார், கடைக்காரப் பெண் விவரம் கேட்டாள். வர்ணிகா ஆதாரைக் காட்டினாள். மச்சான் போனுக்கு ஓர் ஒப்புதல் எண் வந்தது. அதை அவர் ஒவ்வொன்றாக, சத்தமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப்போலச் சொன்னார். வர்ணிகாவின் புள்ளி அவர் திரையிலிருந்து மறைந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் ராத்திரி நானே போன் பண்ணுவேங்ப்பா" என்றாள் வர்ணிகா.

"மறந்தாலும் பரவாயில்ல" என்றார். அது பொய். ஆனால் நல்ல பொய்.

திரையில் இன்னும் ஒரு புள்ளி மிச்சமிருந்தது. அது யாருடையது என்று எனக்கு உறைப்பதற்குள், அக்கா பட்டுப்புடவை மடிப்பிலிருந்து தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதையும் என்ற பேருக்கு மாத்திப்போடு கண்ணு."

கடைக்காரப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "இதுவும் சார் பேர்லதாங்க இருக்கு. கல்யாணம் ஆனதுலேருந்தே."

நான்தான் இந்தச் செயலியை அந்த வீட்டில் போட்டுக்கொடுத்தேன். கண்மணிக் கணக்கில் என் சொந்த அக்காவும் இத்தனை வருஷம் ஒரு பிள்ளையாக இருந்திருக்கிறாள். எனக்குத் தோன்றவே இல்லை. மச்சானுக்கும் தோன்றவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உன்ற புள்ளியை நான் பாத்ததே இல்ல, கலா" என்றார் அவர், தற்காப்பாக.

"தெரியுமுங்க" என்றாள் அக்கா. "பாத்திருந்தா, எங்க போறேன்னு கேட்டிருப்பீங்க."

"எங்க போறே?"

அக்கா சிரித்தாள். முழுப் பெயரையும் இனிஷியலோடு கடைக்காரப் பெண்ணிடம் சொன்னாள். மறுபடியும் எண் வந்தது. மச்சான் மறுபடியும் ஒப்பித்தார். திரையில் வரைபடம் மட்டும் இருந்தது, கோயமுத்தூர் முழுக்க வெறுமையாக.

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் வீட்டுக்குப் போங்க. நான் அப்பறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஆடிக்காற்றில் பறக்கிற முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். வீடு இருக்கிற திசை அது இல்லை.

"மாப்ள, எங்கடா போறா?"

"தெரியலீங் மச்சான்."

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதை எனக்கே கொடுத்துவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"கலா! ஏ கலா! நானும் வரட்டா?"

அக்கா நிற்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.